படிப்பு இடையில் அறுந்தவர்களின் பிள்ளைகள்

2008ஆம் ஆண்டு மல்லாவியில் தரம் மூன்று படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு இன்று இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் போரால் அவளுடைய வகுப்பு நின்றது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சனம் கிழக்கே நகர நகர, பாடசாலைகளும் கொட்டிலும் மரநிழலுமாகக் கூடவே நகர்ந்தன. 2009 பிறந்த பிறகு அதுவும் இல்லாமற்போனது. புதுமாத்தளன் பாடசாலை ஆஸ்பத்திரியாகிவிட்டது. மே மாதத்துக்குப் பின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கொட்டகைகளில் வகுப்புகள் மறுபடி தொடங்கின. அந்த ஆண்டின் புலமைப்பரிசில் பரீட்சையைப் பிள்ளைகள் முகாமுக்குள் இருந்தே எழுதினார்கள். மெனிக்பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்.

அவளுக்கு முந்தின வரிசையும் உண்டு. 1996இல் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடியபோது அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் போய், மரங்களுக்குக் கீழே இருந்து எழுத்துக்கூட்டியவர்கள் அவர்கள். இந்த இரண்டு வரிசையினர்தான் இன்று வன்னியில் தரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் பிள்ளைகளை அனுப்பும் தாய் தகப்பன். கால்கோள் விழாவில் மாலை போட்ட பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்குகிற இவர்களில் பலர், வீட்டுக்கு வந்ததும் சொல்வது ஒன்றே: "எனக்கே படிப்பில்லை, நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? ரியூசனுக்கு விட்டாத்தான் சரி."

இந்தப் பேச்சில் இருக்கிற தன்னம்பிக்கைக் குறைவை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோம். கட்டடங்கள் எழுந்தன, கூரை போட்டாயிற்று, தளபாடங்கள் வந்தன. பாதியில் அறுந்த படிப்போடு பிள்ளை வளர்க்கிற ஒரு தலைமுறையிடம் போய், உங்களிடம் கொடுக்க நிறைய இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வேண்டியதில் பெரும்பகுதிக்குச் சாதாரண தரச் சான்றிதழ் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், தரம் ஒன்றில் பாடசாலை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் ஒன்றையும் இரண்டையும் முதலாவது முதன்மை நிலை என்று வகுத்தது. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் ஆகியவற்றை விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்ற மூன்று வழியாகக் கற்பிக்கச் சொன்னது. இந்த முதல் நிலையில் முன்னிடம் விளையாட்டுக்கு. மேசைவேலை கூடுவது தரம் ஐந்தை நெருங்கும்போதுதான். புதுப் பிள்ளையை ஆசிரியர் இனங்கண்டுகொள்வதற்கென்றே தொடக்க வாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இது தெரியாத தாய், பெப்ரவரி மாதத்தில் கொப்பியைத் திறந்து பார்த்து, "ரீச்சர் இன்னும் ஆனா ஆவன்னா தொடங்கேல்லை" என்று பதறுகிறாள். அந்தப் பதற்றம் நேரே ரியூசன் கொட்டிலில் போய் நிற்கிறது. காலை முழுக்கப் பாடசாலையில் இருந்த ஆறு வயதுப் பிள்ளை, பின்னேரம் மூன்று மணிக்கு மறுபடி வாங்கில் குந்துகிறது. தரம் ஐந்துப் புலமைப்பரிசிலின் நிழல் நான்கு வருடம் முன்னதாகவே அதன்மீது விழுந்துவிடுகிறது.

ரியூசன் ஆசிரியர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. பலர் வேலை கிடைக்காத இளைஞர்கள், அக்கறையோடு கற்பிப்பவர்கள். ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒன்றாக இருத்தி அரிச்சுவடியைக் கோரஸாகச் சொல்லவைப்பதால் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிடாது. அ முதல் ஔ வரை இராகத்தோடு ஒப்புவிக்கிற பிள்ளையிடம், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மறுபடி அகரத்திலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அந்த எழுத்துக்குப் பெயர் சொல்லும். வரிசை மனப்பாடமாகி, எழுத்து பிடிபடாத நிலை அது. தமிழில் 247 எழுத்துகள் என்று பயமுறுத்துகிறோம். பிள்ளை உண்மையில் பிடிக்க வேண்டியது பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும், பிறகு அரவும் கொம்பும் குற்றும் எப்படி ஓசையை மாற்றுகின்றன என்ற ஒழுங்கும். அந்த ஒழுங்கு வரிசையை ஒப்புவிப்பதால் வராது. தன் பெயர், அம்மாவின் பெயர், வீட்டு நாயின் பெயர், பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப்பெயர் என்று, அர்த்தம் உள்ள சொற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். ஏ-9 வீதியோரப் பெயர்ப்பலகைகள் போதும்: மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் மூன்றிலும் 'குளம்' ஒரேமாதிரி இருப்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற நாளில் வாசிப்பு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு தகப்பனுக்குத் தேவை சைக்கிளைக் கொஞ்சம் நிறுத்துகிற பொறுமை.

இனி, எங்கள் பிள்ளைகளின் வாசிப்பில் நாங்கள் பேசாமல் விட்ட ஒரு பெரிய தடையைச் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளை கேட்பது "அம்மா சந்தைக்குப் போட்டா". பாடப்புத்தகத்தில் இருப்பது 'அம்மா சந்தைக்குச் சென்றார்'. பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைக்கு, ஆசிரியரின் பேச்சுத் தமிழே இன்னொரு விதமாகக் கேட்கும். புத்தகத் தமிழ் அதற்கும் அப்பால். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி முடித்த பிறகும், கூட்டி வந்த சொல் காதுக்குப் பழக்கமில்லாதது என்றால் பிள்ளைக்கு அர்த்தம் எப்படித் தட்டுப்படும்? இதே சிக்கல் அரபு பேசும் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்களுடைய வீட்டு அரபும் எழுத்து அரபும் எங்கள் இரண்டு தமிழையும்விடத் தூரமானவை. டினா ஃபைட்டல்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அரபு பேசும் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து மொழியிலேயே ஒழுங்காகக் கதை வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு விளங்காது, இந்த வயதில் வேண்டாம் என்பதே அதுவரை பரவலான எண்ணம். மாறாக, கேட்ட கதையை விளங்கிக்கொள்வதிலும் தாங்களே ஒரு கதையைச் சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள்.

இதற்கு வன்னி வீடுகளில் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மம்மா பாடுகிற தேவாரம் எழுத்துத் தமிழ். கத்தோலிக்க வீடுகளில் மாலைச் செபமும் விவிலிய வாசிப்பும் எழுத்துத் தமிழ். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பாட்டிமார் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுப் பிள்ளைக்கு வாயில் வந்த பிறகு, அதே வரிகளை ஒரு தாளில் பெரிதாக எழுதி, சொல்லுக்குச் சொல் விரல் வைத்துச் சொல்லவிட்டால் போதும். என்ன சொல் வரும் என்று தெரிந்திருப்பதால் பிள்ளையின் கண் எழுத்தைப் பயமில்லாமல் பார்க்கும். எழுத வாசிக்கத் தடுமாறுகிற தாய் என்றால், தாளில் எழுதித்தர ஏழாம் எட்டாம் வகுப்பில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பின்னேரம் பிள்ளை தன் வாயால் ஒரு விசயத்தைச் சொல்லட்டும். ஆடு குட்டி போட்டது, யானை வந்து தென்னையை முறித்தது, எதுவானாலும் சரி. வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் அதைப் பிள்ளை சொன்னபடியே இரண்டு மூன்று வரியில் எழுதி, பிள்ளைக்கே வாசித்துக் காட்டட்டும். தன் பேச்சு எழுத்தாக மாறுவதைக் கண்ட பிள்ளைக்கு, எழுத்து என்பது எதற்காக என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. நாளடைவில் அந்தத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் வீட்டில் ஒரு புத்தகம். பல வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு அடுத்ததாக இருக்கப்போவது அந்த ஒன்றுதான்.

பாடப்புத்தகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1980 முதல் அரசாங்கம் அதை இலவசமாகத் தருகிறது. வறிய வீட்டிலும் படம் போட்ட ஒரு வண்ணப் புத்தகம் இருக்கிறது என்றால் அதனால்தான். கிழிந்துவிடும், திருப்பிக் கேட்பார்கள் என்ற பயத்தில் உறை போட்டு, பையை விட்டு வெளியே எடுக்கவிடாமல் வைத்திருக்கிற தாய்மாரைக் கண்டிருக்கிறேன். சிக்கனத்தின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தப் புத்தகம் பாயில் விரிந்து கிடக்கட்டும். வாசிக்கத் தெரியாத தாயும் படத்தைக் காட்டி, "இவன் ஏன் அழுகிறான், இனி என்ன நடக்கும்?" என்று கேட்கலாம். பிள்ளை சொல்லச் சொல்ல, "பிறகு?" என்று கேட்பதே பாடம்.

கதைகளுக்கும் இந்த மண்ணில் பஞ்சமில்லை. வற்றாப்பளை அம்மன் கதை, கோவலன் கூத்துக் கதை, கற்சிலைமடுவில் 1803இல் தோற்கடிக்கப்பட்ட பண்டாரவன்னியனின் கதை எல்லாம் தாத்தாமாரின் வாயில் இருக்கின்றன. போரின் கதைகளையும் பிள்ளைகள் கேட்கத்தான் போகிறார்கள். எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் காயத்தோடுதான் தீர்மானிக்க முடியும். அதில் வெளியாள் புத்தி சொல்ல இடமில்லை.

எழுதுவதற்கு வருவோம். ஏடு தொடக்கும் நாளில், விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ, பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, பச்சையரிசியில் அகரம் எழுதவைக்கிறோம். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கனிவு! அதே பிள்ளை தரம் ஒன்றுக்குப் போய் 'ட'வைத் திருப்பி எழுதினால் குட்டு விழுகிறது. எழுத்தைத் திருப்பிப் போடுவது அந்த வயதில் இயல்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதளவில் தானாகவே சரியாகும். தமிழில் 'கெ', 'கே', 'கை' என்று எழுதும்போது ஓசையில் பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் போட வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குப் பழகிப்போன இந்தக் குழப்பம் பிள்ளைக்கு உண்மையான குழப்பம். இடக்கையால் எழுதுகிற பிள்ளையின் கையில் அடித்து வலக்கைக்கு மாற்றுகிற வழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளையின் மூளை எந்தக் கையைத் தேர்ந்திருக்கிறதோ அந்தக் கையே அதற்கு வலிமையான கை. "அடிச்சாத்தான் படிப்பான்" என்று சொல்கிறவர்கள், அடிவாங்கிய பிள்ளை கொப்பியைக் கண்டதும் உடம்பைக் குறுக்குவதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இத்தனை வன்முறையைக் கண்ட மண்ணில் ஐந்து வயதுப் பிள்ளையின் படிப்பு அடியோடு தொடங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

விரல்களுக்குப் பலம் வருமுன் பென்சிலைத் திணிப்பதும் ஒருவித அவசரமே. முல்லைத்தீவுப் பக்கத்தில் கச்சான் இல்லாத வீடு குறைவு. பிள்ளை கச்சான் கோது உடைக்கட்டும், அரிசியில் கல் பொறுக்கட்டும், களிமண்ணில் சட்டி பானை செய்யட்டும், நனைந்த மணலில் குச்சியால் கீறட்டும். பென்சில் பிடிக்கிற மூன்று விரலும் அங்கேதான் பழகுகின்றன. எண்ணும் அப்படியே: புளியங்கொட்டை, கொக்கான் கல், தாயம், சோற்றுக்கு எத்தனை சுண்டு அரிசி, ஐந்து முட்டையில் இரண்டைக் கடைக்குக் கொடுத்தால் மிச்சம் எத்தனை. வாய்ப்பாடு பிறகு வரும்.

இவ்வளவையும் எழுதுகிறபோது, நேரம் எங்கே என்று ஒரு தாய் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் நாட்டின் வறுமை விகிதம் 4.1 வீதமாக இருந்தபோது கிளிநொச்சியில் அது 18.2 வீதம், நாட்டிலேயே ஆக அதிகம். முல்லைத்தீவில் 12.7 வீதம். அதன் பிறகு நுண்கடன் நெருக்கடி, 2018 டிசம்பர் வெள்ளம், கொரோனா, 2022இன் பொருளாதாரச் சரிவு. கணவனை இழந்தோ காணாமற்போனவரைத் தேடியோ தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஆயிரக்கணக்கில். விடியமுன் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி இருட்டிய பின் இறங்குகிற தாய்க்குப் பிள்ளையின் பின்னேரம் கிடைப்பதேயில்லை. தரம் ஒன்று தொடங்குகிற மாதங்களிலேயே காலபோக அறுவடையும் வந்துவிடுகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதை 2013இல் கட்டுப்படுத்திய அரசாங்கம், டொலர் இல்லாத 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. மூன்று வயதுப் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போகிறவர்களிடம், மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் கொஞ்ச நேரம்கூடப் பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது, ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் சாதாரணத் தொலைபேசிகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது. வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் சில கணக்குகள் அனுப்பி, கூடவே இருபது நிமிடமளவில் ஒருவர் அழைத்துப் பேசினார். பெற்றோர் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சத்தமாகக் கேட்கவைக்க வேண்டும், அவ்வளவே. குறுஞ்செய்தி மட்டும் கிடைத்த வீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. அழைப்பும் கிடைத்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்கறிவு தெளிவாக உயர்ந்தது. தம் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் பெற்றோருக்கு முன்னைவிடச் சரியாகத் தெரிந்தது. பீகாரிலும் ராஜஸ்தானிலும் எழுத்தறிவு மிகக் குறைந்த தாய்மாருக்கு, வீட்டில் பிள்ளையோடு செய்யச் சிறு செயற்பாடுகளை வாராவாரம் காட்டிக்கொடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. பிள்ளைகளின் கணக்கில் முன்னேற்றம் சிறிதுதான். ஆனால் பள்ளி வாசலை மிதிக்காத தாயும் பிள்ளையின் படிப்பில் பங்கெடுக்க முடியும் என்பது அதில் உறுதியாயிற்று.

குவைத்திலிருந்து பேசுகிற தாய், "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு நிறுத்தாமல், "இண்டைக்கு வகுப்பிலை ஆர் என்ன செய்தது?" என்று கேட்டுப் பிள்ளையை ஐந்து நிமிடம் பேசவிட்டால் அது பாடம். ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மா ஒரு கதையை வாசித்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம். பிறந்தநாளுக்கு அனுப்புகிற பணத்தைவிட அந்தக் குரல் பிள்ளையோடு கூடுதல் காலம் இருக்கும். யூரியூப்பில் கார்ட்டூனை ஓடவிட்டுத் தனியே இருத்துவதைவிட அதே தொலைபேசி இப்படிப் பயன்படட்டும்.

தகப்பன்மாருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பிள்ளையின் கொப்பி அம்மாவின் வேலை என்று ஒதுங்குகிற பழக்கம் வன்னியில் ஆழமாக இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் வாங்குகளில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். இரவில் குடித்துவிட்டு வரும் தகப்பன் உள்ள வீட்டில் பிள்ளை புத்தகத்தை விரிப்பதில்லை என்பதையும் ஆசிரியர்கள் அறிவார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். வயலுக்கும் குளத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப்போய், இரணைமடுத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிற தகப்பன், சுற்றாடல்சார் செயற்பாடு என்ற பாடத்தைப் புத்தகத்தைவிட நன்றாக நடத்துகிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாம் பெற்றோர் கையில் என்று அதிகாரிகள் நழுவ நான் இடம் கொடுக்கவில்லை. பல கிராமப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் திரும்புகிறார்கள், ஒரு தாயுடன் நின்று பேச நேரமில்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி முன்பள்ளியைத் தொடவில்லை, இன்றும் அதற்குப் பெற்றோர்தான் காசு கட்டுகிறார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கணிசமான முன்பள்ளி ஆசிரியர்கள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திடம் சம்பளம் வாங்கினார்கள், மாகாணத்தின் கீழ் வேலை செய்தவர்களுக்கு அதைவிட மிகக் குறைந்த கொடுப்பனவு. சிறுபிள்ளைக் கல்வியைப் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் வைப்பதும், அதே வேலையைச் செய்த மற்றவர்களைக் கைவிடுவதும் இரண்டுமே தவறு. 2021 ஒக்ரோபரில் தமிழ்நாடு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அந்தந்தத் தெருவிலுள்ள படித்த தன்னார்வலர்களே மாலையில் பிள்ளைகளோடு இருந்தார்கள். உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் காத்திருக்கிற பெண்பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் இருக்கிறார்கள். தாய் வேலையால் வரும்வரை அவர்கள் கதை வாசிக்கிற ஒரு திண்ணைக்குப் பெரிய செலவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வலயங்களின் கல்விப் பணிமனைகளிடம் ஒன்று கேட்கிறேன். தரம் ஒன்றின் முதல் பெற்றோர் கூட்டத்தில் சிரமதானமும் அபிவிருத்திச் சங்கச் சந்தாவும் பேசி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தரம் ஒன்று ஆசிரியை பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்து, அதை ஒரு பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்கு முன்னால் செய்து காட்டட்டும். அதன்பின் அவர்களே சோடி சோடியாக இருந்து அதைச் செய்து பார்க்கட்டும். கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வைத்தால் தொழிற்சாலைத் தாய்மாரும் தகப்பன்மாரும் வருவார்கள். பேரப்பிள்ளையை வளர்க்கிற அம்மம்மாவுக்கும் அழைப்புக் கடிதம் அவருடைய பெயரிலேயே போகட்டும்.